ஐந்து நாற்பது பாசஞ்சர்

மாலை ஐந்து நாற்பதுக்கு, ஓடுவதை நிறுத்திவிட்ட ஒரு ரயில் நான்காவது நடைமேடையில் வந்து நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அது முந்தைய நிலையத்திலிருந்து வரவில்லை, அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேரவும் இல்லை. நிலையத்தின் அறிவிப்பாளர் பழக்கதோஷத்தில் அதன் பெயரை மைக்கில் சொல்லிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான்.

அந்தப் பாசஞ்சரைக் கால அட்டவணையிலிருந்து எடுத்த முதல் நாள் அது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியத்தைச் சொன்ன வாய். கடிகார முள் அந்த இடத்துக்கு வந்ததும் கை தானாகப் பொத்தானை அழுத்தியது, நாக்கு தானாகப் புரண்டது. வண்டி முந்தைய நிலையத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்று சிக்னல் கேபினிலிருந்து போனில் தகவல் வந்த பிறகுதான் வருகிறது என்று சொல்ல வேண்டும். இது விதி. தகவல் இல்லாமல் அவள் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். சொல்லி முடித்து மைக்கை அணைத்தபோது வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. வந்துவிட்டதால், தப்பு செய்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. வராமல் இருந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

அறிவிப்பு அறை முதல் நடைமேடையின் மாடியில் இருந்தது. ஜன்னலில் நின்றால் நான்கு நடைமேடைகளும் தெரியும். நான்காவதின் பெஞ்சில் அவளுடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். அம்மா போன பிறகு இவள் வளர்த்த பெண். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடை ஐந்து மணிக்கு மூடும். அக்காவுக்கு ஷிஃப்ட் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, ஐந்து நாற்பதைப் போகவிட்டு, ஏழு மணி வண்டியில் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்குக் காலையில் வீட்டில் சண்டை. பெரிய நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் தங்கைக்கு வேலை கிடைத்திருந்தது. போகிறேன் என்றாள். யாரைக் கேட்டு முடிவு பண்ணினாய் என்று இவள் ஆரம்பித்தாள். பேச்சு வளர்ந்து, ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு எந்த வண்டியில் ஏறணும்னு சொல்ற, எனக்குமா சொல்லணும் என்று தங்கை கேட்டுவிட்டாள். போறதுன்னா போ, யாரும் உன்னைக் கட்டிப்போட்டு வைக்கலை என்று இவளும் சொல்லிவிட்டாள். அதனால் அன்றைக்குத் தங்கை வண்டியைப் போகவிடவில்லை. எழுந்து, மஞ்சள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்றாவது பெட்டியில் ஏறினாள். ஏறுவதற்கு முன் மாடி ஜன்னலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன் அடித்தது. கேபின்காரர்.

"அக்கா, நாலுல என்ன வண்டி நிக்குது?"

"அஞ்சு நாப்பது."

"அதைத்தான் நேத்தோட நிறுத்தியாச்சே."

அவள் திரும்பிப் பார்த்தபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து அதிகாரிகள் வந்து, ஓய்வறையில் தங்கி, தண்டவாளத்தை இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார்கள். ஓடுவதை நிறுத்திய வண்டி ஓடியிருக்க முடியாது, ஓடாத வண்டியில் யாரும் ஏறியிருக்க முடியாது, ஆகவே யாரும் காணாமல் போகவில்லை என்று முடிவு செய்தார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தேவையில்லாத அறிவிப்பு செய்ததற்காக அவளுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த நிலையத்தில் அப்படிச் சில விஷயங்கள் உண்டு. முதல் நடைமேடைக் குழாயில் தண்ணீர் குடித்தால் போகிற ஊர்த் தண்ணீரின் ருசி தெரியும். உப்புத் தண்ணீர் ஊருக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவருவார்கள். சாமான் காப்பறையில் போட்டுவிட்டு யாரும் திரும்ப எடுக்காத பெட்டிகள் வருஷத்துக்கு வருஷம் கனம் கூடும். ஒரு சின்னத் துணிப்பையை நகர்த்த நான்கு போர்ட்டர்கள் தேவைப்பட்டார்கள். எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர் வாங்கிய போர்ட்டர் அந்த நான்கு பேரில் ஒருவர். ஆமை வேகத்தில் நடப்பதால் அந்தப் பெயர். பைக்குள்ள ஒண்ணுமில்லை, ஒரு சட்டையும் சீப்பும்தான், யாரோ ஒருத்தர் வரேன்னு சொல்லிட்டு வரலை, அந்தக் கனம் என்பார் அவர்.

ஏறியவர்களின் வீட்டார் ஒவ்வொருவராக நான்காவது நடைமேடைக்கு வரத் தொடங்கினார்கள். முதல் வாரம் பெஞ்சுகளில் இடம் போதவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே மெஷின் போட்டிருந்த தையல்காரர் வந்தார். அவர் மனைவி அன்றைக்குத் தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியவள். கல்லூரி முடிந்து வீட்டுக்குப் போக அந்த வண்டியில் ஏறிய ஒரு பையனின் அம்மா வந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அறிவிப்பு செய்தவளை யாரும் ஏசவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இவள் தங்கையும் அதே வண்டியில் போனாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு மாதம் கழித்து அவர்கள் கூட்டமாக மாடியேறி வந்தார்கள். டீச்சர்தான் பேசினார். நீ கூப்பிட்டாய், வந்தது. இன்னொரு தரம் கூப்பிடு. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்றார்.

"தகவல் வரணும் டீச்சர். தகவல் இல்லாம சொன்னா என்ன ஆகும்னு பாத்துட்டோம்."

"இதுக்கு மேல என்ன ஆகணும்?"

என்ன ஆகக்கூடும் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூப்பிட்டு, வண்டி வந்து, கதவுகள் திறந்து, உள்ளே யாருமே இல்லாமல் இருக்கக்கூடும். கூப்பிடாதவரை தங்கை வண்டியில் இருக்கிறாள். மூன்றாவது பெட்டியில், குடையை மடியில் வைத்துக்கொண்டு, இவள்மேல் கோபமாக உட்கார்ந்திருக்கிறாள். கோபமாக இருக்கிறவள் உயிரோடு இருக்கிறவள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கேபினில் தகவல் வந்தால் சொல்கிறேன் என்றாள். தினமும் மாலை கேபினுக்குப் போன் போட்டு, ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டாள். இல்லைக்கா என்றார் கேபின்காரர். பிறகு அவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் இல்லைங்க என்றார். அதற்கும் பிறகு வந்தவர் இல்லை மேடம் என்றார்.

வருஷங்கள் போயின. கரி எஞ்சின்களை நிறுத்திவிட்டு டீசல் எஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள். டீசலும் போய்த் தலைக்குமேல் கம்பி இழுத்தார்கள். கம்பியில் உட்காரக் கற்றுக்கொள்வதற்குள் காக்கைகள் நிறையச் செத்தன. நடைமேடைகளை உயர்த்தினார்கள், நீட்டினார்கள், மேலே தகடு போட்டார்கள். புத்தகக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்றார்கள். நகரும் படிக்கட்டு வந்தது. அதில் ஏறப் பயந்து கொஞ்ச நாள் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எக்ஸ்பிரஸ் மட்டும் முதல் நாளே ஏறி, வாழ்க்கையில முதல் தடவையா நான் சீக்கிரம் போறேன் என்று கத்தினார். நான்காவது நடைமேடையில் மட்டும் மாலை அந்த நேரத்துக்கு எந்த வண்டியும் விடவில்லை. ஆரம்பத்தில் விட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்துக்கு விட்ட வண்டிகளெல்லாம் வெளி சிக்னலிலேயே நின்றன. சிக்னல் பச்சைதான், ஆனாலும் நகரவில்லை. நேரம் தாண்டியதும் தாமாக நகர்ந்தன. ஒன்றிரண்டு அட்டவணைக்குப் பிறகு அதிகாரிகள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் காரணம் கேட்பார்கள். அது அப்படித்தான் என்பார்கள் பழையவர்கள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதவி உயர்வு வந்தது, வெளியூர் என்பதால் வேண்டாம் என்றாள். பதிவு செய்த ஒரு பெண் குரலைப் போடலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் நிலைய மேலாளர்கள் அவளுக்காகப் பேசித் தள்ளிப்போட்டார்கள். வீட்டில் தங்கையின் கட்டிலை அப்படியே போட்டு வைத்திருந்தாள். முதல் இரண்டு வருஷம் இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள். பிறகு ஒரு நாள் தன்னை அறியாமல் ஒருத்திக்கு மட்டும் வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். போர்ட்டர்கள் அவளை மைக் அக்கா என்று கூப்பிட்டு வந்தார்கள். புதுப் போர்ட்டர்கள் வந்த பிறகு அது மைக் அம்மா ஆனது. எந்த நாளில் மாறியது என்று அவள் கவனிக்கவில்லை. குரலும் கரகரத்துப்போனது. தொண்டை டாக்டர் அதிகம் பேசாதே என்றார். சம்பளமே பேசுறதுக்குத்தான் தர்றாங்க டாக்டர் என்றாள்.

காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சிலர் செத்தார்கள், சிலர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டு அந்தப் பக்கமே வராமல் சுற்றிப் போனார்கள். கடைசியில் தையல்காரரும் டீச்சரும் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். தையல்காரர் வருஷத்துக்கு ஒரு ரவிக்கை மனைவிக்காகத் தைத்தார். வயசாக ஆக உடம்பு போடும் என்று ஒவ்வொரு வருஷமும் இடுப்பில் கொஞ்சம் கூட்டி வெட்டினார். டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். கண் மங்கிவிட்டது. வண்டிகளைச் சத்தத்தை வைத்தே இன்னது என்று சொல்லுவார். இருவரும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து, பேசுவதற்கு இருந்ததையெல்லாம் பேசி முடித்துவிட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் ஓய்வு பெற வேண்டிய வருஷத்தில், தள்ளிப்போட்ட இயந்திரம் வந்தேவிட்டது. கூடவே ஒரு சலுகையும் செய்தார்கள். வெளியிலிருந்து குரல் வாங்காமல் அவள் குரலையே பதிவு செய்து போடுவது. ஒரு இளம்பெண் கணினியோடு வந்து, அறையின் ஜன்னல்களைப் போர்வையால் மூடி, ஒவ்வொரு ஊரின் பெயரையும் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னாள். வருகிறது. புறப்படும். தாமதமாக. வருந்துகிறோம். எது வருகிறது, எதற்கு வருந்துகிறோம் என்று தெரியாமல் சொல்வது கஷ்டமாக இருந்தது. ரொம்ப சோகமா இருக்கு மேடம், கொஞ்சம் சாதாரணமா சொல்லுங்க என்று இளம்பெண் மூன்று நான்கு தடவை நிறுத்தினாள். கரகரப்பை இயந்திரமே சுத்தம் செய்துவிடும் என்றாள். முடிந்ததும் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே, திங்கட்கிழமை மைக் இணைப்பைத் துண்டித்துவிடுவோம், அட்டவணையில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் அது தானாகச் சொல்லிக்கொள்ளும் என்று விளக்கினாள்.

"இனிமே தப்பே வராது மேடம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். இவள் தலையாட்டினாள். ஜன்னலில் இருந்த போர்வையை எடுத்து மடித்துக் கொடுத்தாள். தப்பு வராது என்றால் அந்த வண்டியும் வராது. அது இந்த மைக்குக்கும் இந்தத் தொண்டைக்கும் வந்த வண்டி. திங்கட்கிழமைக்குப் பிறகு தங்கை எங்கே இருந்தாலும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். இத்தனை வருஷமும் வண்டி காலியாக வந்துவிடுமோ என்று பயந்திருந்தாள். தங்கை மூன்றாவது பெட்டியில் உட்கார்ந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே போய்த் தையல்காரரிடமும் டீச்சரிடமும், சாயங்காலம் கூப்பிடப் போகிறேன் என்றாள். தையல்காரர் கடைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். டீச்சர் பெஞ்சிலேயே இருந்தார். இதை அன்னிக்கே செஞ்சிருந்தா எனக்குக் கண்ணாவது தெரிஞ்சிருக்கும் என்றார்.

நேரம் வந்தபோது, கேபினுக்குப் பதிலாக வந்திருந்த கட்டுப்பாட்டு அறைக்கு அவள் போன் போட்டாள். விதியை இன்னொரு தரம் மீற அவளுக்குத் துணிச்சல் இல்லை. நாலாவதில் லைன் காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அந்த நேரத்துக்கு நாலு எப்பவும் காலிதானே மேடம் என்றது ஒரு குரல். அதைத் தகவலாக எடுத்துக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்து, ஐந்து நாற்பது பாசஞ்சர் இன்னும் சற்று நேரத்தில் நான்காவது நடைமேடைக்கு வந்து சேரும் என்று முடித்தாள். குரல் கரகரத்தது. ஆனால் ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை.

வண்டி வந்தது. எந்த எஞ்சின் இழுத்துக்கொண்டு போனதோ அதே கரி எஞ்சின்தான். மின்கம்பிக்கு அடியில் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. நடைமேடை அதற்குள் உயர்ந்துவிட்டதால் படிகள் தேவைப்படவில்லை. பெட்டிகளில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். ஆனால் யாரும் இறங்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை இப்போதுதான் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், வண்டி இன்னும் கிளம்பவில்லை. இறங்க வேண்டிய ஊர் வராமல் யார் இறங்குவார்கள்? டீச்சர் தட்டுத்தடுமாறி உள்ளே போய், குரலை வைத்து மகனைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து இழுத்தார். பையன் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு, என் ஸ்டாப் இன்னும் வரலீங்க என்றான். தையல்காரர் மனைவிக்கு எதிரே போய் நின்று நான்தான்டி என்றார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இந்தப் பெரியவரைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். தையல்காரர் தள்ளி உட்கார்ந்தார். ரவிக்கைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குகிற எண்ணம் அவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. நடைமேடையில் நின்ற மற்றவர்கள் தங்கள் மின்சார வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று எக்ஸ்பிரஸ்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இது போனாத்தான் அது என்றார் அவர்.

அவள் மாடியிலிருந்து இறங்கி மேம்பாலத்தைக் கடந்து வருவதற்கு நேரமானது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வண்டி அதுவரை நின்றது. கிளம்பும் என்று சொல்ல ஆள் இல்லாததால் நின்றிருக்கலாம். மூன்றாவது பெட்டியில் ஏறினாள். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் குடை மடியில் இருந்தது. இவ்வளவு சின்னப் பெண்ணிடமா காலையில் அப்படிக் கத்தினோம் என்று அவளுக்குத் தோன்றியது. மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. ஆயுள் முழுக்கப் பேசிய தொண்டை.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். முன்பின் தெரியாதவர்களைப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருங்கம்மா. மூச்சு வாங்குது பாருங்க. அவசரமே இல்லை, இது இப்போதைக்குக் கிளம்பாது. ரெண்டாவது தடவையா இப்பத்தான் சொல்றாங்க."

அவள் உட்கார்ந்தாள். தோளோடு தோள் பட்டது.

"சொல்றது எங்க அக்காதான்" என்றாள் தங்கை, ஒலிபெருக்கியை மோவாயால் காட்டி. "மொத தடவை குரல் நல்லாத்தான் இருந்துச்சு. இப்பக் கேட்டீங்களா, எப்படிக் கம்மிப்போச்சுன்னு? அழுதிருக்கும். காலைல நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். வீட்டுக்கு வரட்டும், சமாதானம் பண்ணிடுவேன்."

வெளியே எஞ்சின் பெருமூச்சு விட்டது. தங்கை குடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் எல்லோரும் கேட்பதைக் கேட்டாள்.

"நீங்க எதுவரைக்கும் போறீங்கம்மா?"